நிறுத்தும் பாடம் நீக்கப்பட்டது

'அனைவருக்கும் கணினி' ஆணையத்தின் வாசலில் ஒரு பிரெய்ல் பலகை உண்டு. பித்தளையில் செய்தது. மழையில் கெட்டுவிடக் கூடாது என்று அதன்மேல் கண்ணாடி போட்டு, யாரும் தொட்டு அழுக்காக்கிவிடக் கூடாது என்று கதவு நிலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ஏணியும் சுத்தியலும் கையோடு கொண்டுவரும் பார்வையற்றவர் யாராக இருந்தாலும் தாராளமாகப் படித்துக்கொள்ளலாம்.

இந்தத் தகவலை நிபுணரம்மாவுக்குச் சொன்னவர் வாசல் காவலாளி. "மேல இருக்கும்மா. பளபளன்னு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். அவளும் பணிவாக நிமிர்ந்து கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

நிபுணரம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கணினிக்கு நிரல் எழுதிச் சம்பாதிப்பவள். பார்வையற்றவர்கள் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பப் பாடங்கள் வேண்டும் என்று ஆணையம் அவளுக்குக் கடிதம் அனுப்பியபோது, அதில் "அனுபவ நிபுணர்" என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அங்கே எல்லாருக்கும் அவள் நிபுணரம்மா. ஆனால் யாரும் அவளிடம் எதையும் கேட்க மாட்டார்கள். நிபுணரைக் கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்ற பயம் எல்லா அலுவலகங்களிலும் இருப்பதுதான்.

அவள் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் அவள் புருஷன்.

அவர் பஸ் கண்டக்டர். வேலை போன பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். அவர் "ரைட்" சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்கள் பையைக் கையில் எடுப்பார்கள், பஸ்ஸை நிறுத்த "ஹோல்டான்" என்றால் பின்னால் வரும் லாரியும் நிற்கும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு குரல். நிபுணரம்மா கல்யாணத்துக்கு முன்பு அவருடைய பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஒவ்வொரு ஸ்டாப்பையும் அவர் உரக்கக் கூவுவார். ஊருக்கே கூவுவது போலத்தான் இருக்கும், ஆனால் அது தனக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

பிறகு சர்க்கரை வந்தது. அவரும் வாயைக் கட்டவில்லை, அதுவும் அவர் கண்ணை விட்டுவைக்கவில்லை. பார்வையோடு வேலையும் போனது, குரலும் போனது. தண்ணீர் வேண்டும் என்றால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார் என்பது போல மெல்லக் கேட்பார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ரேடியோ கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நிரல் எழுதக் கத்துக்கோங்களேன். கண்ணு இல்லாமலே செய்யலாம். நான் செய்யலையா?" என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"நீ பொறந்ததுல இருந்தே பழகினவ. பொண்டாட்டிகிட்ட டியூஷன் போற வயசா எனக்கு?" என்பார். ஒருநாள் மட்டும் கொஞ்சம் இறங்கிவந்தார். "ஏதாவது ஒரு நிறுவனம் முறையாப் பாடம்னு போடட்டும், படிக்கிறேன். நீ பாவம் பார்த்துச் சொல்லிக் குடுக்கறதெல்லாம் எனக்கு வேண்டாம்."

அந்த வாரம்தான் ஆணையத்தின் கடிதம் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆணையத்தின் முத்திரையோடு ஒரு பாடம் வெளிவந்துவிட்டால் மனுஷன் மறுக்க முடியாது. வேறு எதைப் பற்றியும் அவள் யோசிக்கவில்லை; யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

வீட்டில் உட்கார்ந்து பாடங்களை எழுதினாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவள் கணினியில் உண்டு. பெண் குரல். பழகாதவர்கள் கேட்டால் வெந்நீரில் விழுந்த கிளி கத்துவது போல இருக்கும், அத்தனை வேகத்தில் வைத்திருந்தாள். கண்டக்டர் அதற்கு "அந்தப் பொண்ணு" என்று பேர் வைத்திருந்தார். "அந்தப் பொண்ணு மூச்சே விடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய்விடுவார்.

பாடம் எளிமையானது. முதல் பாடத்தில், "வணக்கம் உலகமே" என்று கணினியைச் சொல்ல வைப்பது. அடுத்தது, ஒரு வரிக்கு முன்னால் எத்தனை இடைவெளி விட்டிருக்கிறோம் என்பதைக் காதால் தெரிந்துகொள்வது. அவள் தேர்ந்தெடுத்த கணினி மொழியில் இடைவெளி தப்பினால் நிரல் ஓடாது. பிறகு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் சுழல். அதற்கு அடுத்ததாக, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துவது. சுழல் எழுதக் கற்பவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது முடிவே இல்லாத சுழலை எழுதிவிட்டு முழிப்பார்கள். அதனால் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும் என்று ஒரு பாடம் முழுக்கப் பொறுமையாக எழுதினாள்.

ஆணையம் பாடத்தைப் பெற்றுக்கொண்டு கூட்டம் போட்டது.

கூட்டத்துக்கு இயக்குநர் வந்தார், அழகியல் அதிகாரி வந்தார், சட்ட அதிகாரி வந்தார். இயக்குநர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களின் நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும் என்பது அங்கே விதி. அவருக்கு முதுகுவலி வேறு; அடிக்கடி எழுந்து நெளிப்பார். பேச்சைவிட நாற்காலிச் சத்தம்தான் அங்கே அதிகமாகக் கேட்டது.

"பாடம் எழுதறதுக்கு முன்னாடி நாம அவங்க வலியை உணரணும்" என்றார் இயக்குநர். எல்லாருக்கும் கறுப்புத் துணி கொடுக்கப்பட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு கணினியில் தங்கள் பெயரைத் தட்டச்ச வேண்டும். வாசிக்கும் மென்பொருளை யாரும் போடவில்லை. "அது இருந்தா உணர்வு வராது" என்றார் இயக்குநர். "அந்தச் சத்தம் வலியைக் கெடுக்கும்."

கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பை உடைந்தது. அழகியல் அதிகாரி யாருடைய காலையோ மிதித்துவிட்டு மேசையிடம் மன்னிப்புக் கேட்டார். தன் பெயரைச் சரியாக அடித்துவிட்டதாகச் சொன்ன சட்ட அதிகாரி, துணியை அவிழ்த்த பிறகு, அதை மின்விசிறியின் ரிமோட்டில் அடித்திருந்தது தெரிந்தது.

இயக்குநர் தழுதழுத்தார். "இப்பத்தான் புரியுது. முடியாதும்மா. இது முடியவே முடியாது. எங்களாலயே முடியலைன்னா அவங்க பாவம் என்ன செய்வாங்க?"

"சார், நான் தினமும் செய்யறேனே" என்றாள் நிபுணரம்மா.

"நீங்க விதிவிலக்கு. விதிவிலக்கை வெச்சு ஒரு ஆணையம் முடிவெடுக்கக் கூடாது" என்றார் சட்ட அதிகாரி.

பார்வையற்றோர் கணினியை இயக்குவது சாத்தியமில்லை என்பது கள ஆய்வில் உறுதியாகிவிட்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். இருந்தாலும் நிதி ஒதுக்கியாகிவிட்டதால் பாடம் வெளிவந்தே தீரும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் வரியே மாட்டிக்கொண்டது.

"அது என்ன, வணக்கம் உலகமே?" என்று கேட்டார் சட்ட அதிகாரி. "உலகம் நம்ம அதிகார எல்லைக்குள்ள வராதே. நாளைக்கு வேற துறை ஆட்சேபணை சொன்னா?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க சார். ஒரு பழக்கம்."

"பழக்கத்தை நாமதான் மாத்தணும். பணம் குடுக்கறது உலகமா?"

யாரும் இயக்குநரின் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் அவர் பக்கம் திரும்பியது மட்டும் நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது. இயக்குநர் கூச்சத்தோடு இருமினார். "என்னைப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். போட்டா தடுக்கவும் மாட்டேன்" என்றார். முதல் பாடம், "மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்" என்று மாறியது.

அழகியல் அதிகாரி இளவயதுக் குரல்காரர். அவருக்கு நிரலின் தோற்றம் பிடிக்கவில்லை. "எல்லா வரியும் இடது பக்கமா ஒதுங்கி நிக்குது. பார்க்கவே பரிதாபமா இருக்கு. நடுவுல நிறுத்தினா கம்பீரமா இருக்கும்" என்றார்.

"நடுவுல நிறுத்தினா இடைவெளி மாறிடும் சார். நிரல் ஓடாது."

"ஓட வேண்டாமே மேடம். அச்சுல எதுவும் ஓடாது" என்றார் அவர், ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போல. பிறகு எழுத்துரு சிதையாமல் இருக்க எல்லாப் பக்கங்களையும் படங்களாக மாற்றினார். பின்னணியில் இளஞ்சிவப்பில் ஒரு சூரியோதயம் வைத்திருப்பதாகவும், அது நம்பிக்கையைக் குறிப்பதாகவும் சொன்னார். நிபுணரம்மா வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்தாள். "படம்" என்றது அந்தப் பொண்ணு. அடுத்த பக்கத்துக்குப் போனாள். "படம்." கடைசி வரைக்கும் படம்தான். பாடம் அதற்குள் எங்கேயோ சூரியோதயத்தில் மூழ்கிக் கிடந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள். பக்கத்து அறையில் கண்டக்டர் எழுந்து நின்றது கேட்டது, ஆனால் அவர் வரவில்லை.

மறுநாள் ஆணையத்தின் தளத்தில் புகார் கொடுக்கப் போனாள். புகார் கொடுப்பவர் மனிதர்தான் என்று நிரூபிக்க, போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது தளம். அவளால் நிரூபிக்க முடியவில்லை. எனவே நேரில் போய் இயக்குநரின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் எழுந்து முதுகை நெளிக்கும்போதெல்லாம் இவளும் விதிப்படி எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"வெறும் எழுத்தா ஒரு பிரதி, சார். அழகு வேண்டாம். பின்னிணைப்பா இருந்தாக்கூடப் போதும். முத்திரை மட்டும் இருக்கட்டும்."

"பின்னிணைப்புன்னா யாரும் படிக்கப்போறதில்லை, ஆட்சேபணை இல்லை" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த சட்ட அதிகாரி. "ஆனா ஒண்ணு. நிறுத்தறதைப் பத்தி ஒரு பாடம் இருக்கே, அதை எடுத்திடணும். ஆரம்பப் பாடத்துல போய் நிறுத்தறதா? நம்ம திட்டத்தையே நிறுத்தப்போறோம்னு பத்திரிகைக்காரன் எழுதுவான்."

"நிறுத்தத் தெரியாம ஆரம்பிக்கச் சொல்லிக் குடுக்கறது ஆபத்து சார்."

"நம்ம ஆணையத்துல இதுவரைக்கும் எதையாவது நிறுத்தியிருக்கோமா?" என்று இயக்குநர் வாஞ்சையோடு கேட்டார். "ஒரு ஆபத்தும் வரலையே."

முத்திரை முக்கியம் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். நிறுத்தும் பாடம் நீக்கப்பட்டது.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு பயனாளி தேவைப்பட்டார். திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் ஒரு பயனாளியும் எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? புகைப்படத்துக்கு எடுப்பா இருக்கணும்" என்று அழகியல் அதிகாரி கேட்டார். அவள் தயங்கித் தயங்கித் தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள். அவருக்குப் பெரிய மீசை உண்டு என்று கேட்டதும் தேர்வு முடிந்துவிட்டது.

பின்னிணைப்பை அவரிடம் கொடுத்தாள். "முத்திரை இருக்கு. கேட்டுப் பாருங்க" என்றாள்.

"மேடை உண்டா?"

"உண்டு."

"கூட்டம்?"

"அலுவலகத்துல எல்லாரையும் வரச் சொல்லியிருக்காங்க. வராம முடியாது."

"ம்" என்றார். அவர் பாடத்தைத் தொட்டாரா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போய் வந்து பார்த்தால் அவளுடைய நாற்காலி உயர்ந்திருக்கும், விசைப்பலகை தள்ளிப்போயிருக்கும். பெருக்க வரும் அக்காவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள். அக்கா சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள்.

விழா அன்று காலை மண்டபத்தில் ஒத்திகை பார்த்தார்கள். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார்" என்று அழகியல் அதிகாரி கண்டக்டருக்கு விளக்கினார். "சும்மா விசையைத் தட்டற மாதிரி கையை அசைச்சா போதும். பின்னால திரையில வீடியோ ஓடும். இசை மட்டும்தான், பேச்சு கிடையாது. பேச்சு வந்தா காட்சி கெட்டுடும்." வீடியோவின் இசைக்காக மேடையில் இருந்த கணினியை மண்டபத்தின் ஒலிபெருக்கிகளோடு இணைத்திருந்தார்கள். கண்டக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் போலிருக்கிறது. "ரொம்ப ஒத்துழைக்கிறார்" என்று அதிகாரி பாராட்டினார்.

இயக்குநர் பேசினார். "பார்வையற்றவர்களின் கண்ணாக நாம் இருக்கிறோம். அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களைக் கேட்டுத் தொந்தரவு செய்ததே இல்லை. நாமே பார்த்துக்கொண்டோம்" என்றார். கைதட்டல். "சிலர் கேட்கிறார்கள், இந்தத் திட்டத்தால் எத்தனை பேர் படித்தார்கள் என்று. நான் கேட்கிறேன், இந்தத் திட்டத்துக்காக எத்தனை பேர் உழைத்தோம்!" அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். பிறகு பயனாளியை அழைத்தார்கள். நிபுணரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் எல்லார் முன்னாலும் பொம்மை மாதிரி கையை அசைத்துவிட்டு வந்தால், அவர் ஆயுசுக்கும் ஜன்னலோரத்தை விட்டு எழ மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

இசை தொடங்கியது. சட்டென்று நின்றது.

பிறகு ஒலிபெருக்கிகளில் அந்தப் பொண்ணு பேசினாள்; ஆணையத்தின் கணினியில் யாரும் போடாமல் கிடந்த வாசிக்கும் மென்பொருளை யாரோ எழுப்பிவிட்டிருந்தார்கள். மெதுவாக, தெளிவாக, ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனாள். யாரோ தட்டச்சு செய்கிறார்கள். நிபுணரம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். எழுத்துகள் வரியாயின. இடைவெளி சரியாக விழுந்தது. அது சுழல் என்று அவளுக்குப் புரிந்தபோது கடைசி விசையை அழுத்தும் சத்தம் கேட்டது.

"மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்" என்றது ஒலிபெருக்கி.

இயக்குநர் நெகிழ்ந்துபோய் எழுந்து தலைவணங்கினார். அவர் எழுந்ததால் மண்டபமே எழுந்தது. அவர் உட்கார்ந்தார், மண்டபம் உட்கார்ந்தது.

"மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்."

மறுபடி எழுந்தார். மரியாதை செலுத்தப்படும்போது உட்கார்ந்திருக்கலாமா என்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. மண்டபம் மறுபடி எழுந்தது. மடக்கு நாற்காலிகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு வணக்கம். மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்."

"போதும்பா, போதும்" என்றார் இயக்குநர், பாதி எழுந்தும் பாதி உட்கார்ந்தும். "என் முதுகு... யாராவது நிறுத்துங்க!"

யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. "பாடத்துல பாருங்கய்யா!" என்று யாரோ கத்தினார்கள். சட்ட அதிகாரி பாடப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் மைக்கில் கேட்டது. "இதுல நிறுத்தற பாடமே இல்லையே!" என்றார் அவர், யாரோ வேண்டுமென்றே சதி செய்துவிட்டது போல. அழகியல் அதிகாரி மின்கம்பியைப் பிடுங்கினார். கணினி பேட்டரியில் ஓடியது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்தார்கள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

நிபுணரம்மா கைத்தடியைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போக எழுந்தாள். பாவம், அவருக்குச் சுழல் வந்துவிட்டது, நிறுத்தத் தெரியாது. நீக்கிய பாடம் அவருக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? எல்லாம் தன் தப்பு. அப்போது மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமல், மண்டபத்தின் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"ஹோல்டான்!"

இரண்டு விசைகள் அமுங்கின. அந்தப் பொண்ணு பாதி வணக்கத்தில் நின்றுபோனாள். மண்டபம் உட்கார்ந்துவிட்டது. இயக்குநர் மட்டும் பழக்கத்தில் இன்னொரு தடவை எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஆணையத்தின் செய்திக் குறிப்பு வந்தது. பயனாளி இயக்குநருக்கு இடைவிடாமல் மரியாதை செலுத்தியது திட்டத்தின் வெற்றிக்குச் சான்று என்று அதில் இருந்தது. நிரல்களை எப்படி நிறுத்துவது என்று ஆராய ஒரு குழுவும் போட்டார்கள். அந்தக் குழு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விழா முடிந்த அன்று இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். அவள் தாங்க முடியாமல் கேட்டாள்.

"நிறுத்தற பாடத்தை அவங்க வெட்டிட்டாங்க. எந்தப் பிரதியிலயும் கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எழுதினப்ப பக்கத்து ரூம்ல நான் என்ன செத்தா கிடந்தேன்?"

"அந்த வேகத்துலயா? உங்களுக்குத்தான் அது புரியாதே."

"முதல்ல புரியலைதான். போனைப் பேச வெச்சு, இயர்போன்ல கேட்டுக் கேட்டுக் காதைப் பழக்கினேன். மத்தியானம் உன் நாற்காலியில உட்கார்ந்து தட்டிப் பார்ப்பேன்."

அவளுக்குப் பெருக்க வரும் அக்காவின் ஞாபகம் வந்தது. நாளைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். "அப்ப வேணும்னேதான் அதை ஓட விட்டீங்களா?"

"கையை மட்டும் அசைக்கச் சொன்னாங்கள்ல? நானும் அவங்களை எழுந்து உட்கார மட்டும்தான் வெச்சேன்" என்றார் கண்டக்டர். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பாமல் முனகிக்கொண்டிருந்தது. புதுக் கண்டக்டருக்குச் சன்னமான குரல்; டிரைவருக்கு எட்டவில்லை போலும். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ரைட்!" என்றார். பஸ் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அப்ப நாளையிலிருந்து உட்கார்ந்து முறையாச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"அந்தக் கதையே வேண்டாம். பொண்டாட்டிகிட்ட டியூஷனெல்லாம் கிடையாது" என்றார் அவர். "நீ பாட்டுக்கு உன் ரூம்ல எழுது. நான் பாட்டுக்குப் பக்கத்து ரூம்ல இருப்பேன்."

பிறகு, பஸ்ஸில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல அவள் காதருகே குனிந்தார்.

"அந்தப் பொண்ணை மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு."